எனக்குக் கணக்கு வராது என்று 28 வருடம் நம்பினேன்

"எனக்குக் கணக்கு வராதுங்க." இதை நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். கேட்பவர்களும் சிரிப்பார்கள், பாதிப் பேர் "எனக்கும்தான்" என்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்ல யாரும் கூச்சப்படுவோம். கணக்கு வராது என்று சொல்ல மட்டும் யாருக்கும் கூச்சமில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை 39 வயது வரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கூடப் பிறந்த அக்காவுக்கே தெரியாது. அதனால் இழந்த பணமும் வேலையும் கொஞ்சமில்லை. "இது இப்படித்தான் வேலை செய்யும், கவனமாக இரு" என்று யாராவது பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். உங்களுக்குக் கணக்கு பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். "எனக்குப் பேச வராது", "என்னை நம்பி யாரும் பொறுப்பு கொடுக்க மாட்டார்கள்", "நான் தொட்டது விளங்காது" என்று உங்களிடம் வேறு வாக்கியம் இருக்கலாம். அடியில் ஓடுகிற இயந்திரம் ஒன்றுதான்.

எனக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. கரும்பலகையில் 3/4, 1/6 இரண்டையும் கூட்டச் சொன்னார்கள். நான் போய் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 4/10 என்று எழுதினேன். பின்னம் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் செய்கிற தவறு அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பைப் பார்த்து, "முக்காலோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் கம்மியாயிடுமாம். இவளுக்குக் கணக்கு ஏறாது, எழுதி வச்சுக்கோங்க" என்றார். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. சொன்னவரும் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். "எழுதி வச்சுக்கோங்க" என்று அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டது நான் ஒருத்திதான்.

பிறகு நான் செய்ததைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். கணக்கு வருகிற இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். வீட்டுப்பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினேன். மேல்வகுப்பில் கணக்கு இல்லாத பாடப்பிரிவு, கல்லூரியில் கணக்கு இல்லாத பட்டம், வேலையிலும் எழுத்தும் பேச்சும் மட்டும் இருக்கிற பிரிவு. நாலு பேர் சேர்ந்து செலவு செய்தால் "எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்" என்பேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போடுவேன். மாதச் சம்பளச் சீட்டில் கடைசி வரியைத் தவிர எதையும் படித்ததில்லை. ஒவ்வொரு முறை நழுவும்போதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் விஷம். பயப்படுகிற ஒன்றை விட்டு விலகியவுடன் கிடைக்கிற நிம்மதி, அடுத்த தடவையும் விலகச் சொல்லிப் பழக்குகிறது. உளவியலில் இதை 1940களிலேயே விளக்கியிருக்கிறார்கள். விலக விலக, "போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது. டீச்சரின் வாக்கியம் ஒரே நாளில் சொல்லப்பட்டது. அதற்கு 28 வருடம் தினமும் தண்ணீர் ஊற்றியது நான்.

33 வயதில் அலுவலகத்தில் குழுத் தலைவி பொறுப்புக்கு என்னைக் கேட்டார்கள். ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை அந்த இடத்தில் இருப்பவர்தான் தயாரிக்க வேண்டும். மேலாளரின் அறையிலிருந்து வெளியே வருவதற்குள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். காரணமாக வீட்டுச் சூழ்நிலையைச் சொன்னேன். 36 வயதில் மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதே பொய். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். முதல் வருடம் அவர் தயாரித்த திட்டத்தில் இரண்டு இடத்தில் கூட்டல் தப்பாக இருந்தது. யாரோ சுட்டிக்காட்டினார்கள், திருத்திக்கொண்டார், வானம் இடிந்து விழவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அவருக்குப் பரவாயில்லை, நானாக இருந்தால் மானம் போயிருக்கும்" என்றுதான் தோன்றியது. நம்பிக்கை இறுகிவிட்டால் அதற்கு எதிரான ஆதாரம் கண்முன்னே நடந்தாலும் நமக்கு அது பொருந்தாது என்று தள்ளிவிடுவோம். இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உண்மையான அடி 38 வயதில் விழுந்தது. அவசரமாக ஒரு தனிநபர் கடன் தேவைப்பட்டது. கடன் கொடுக்கிற நிறுவனத்தில் ஒருவர் நாலைந்து பக்கத் தாள்களை நீட்டி, "வட்டி 12 சதவீதம்தான் மேடம், மூணு வருஷம், மாசம் இவ்வளவு" என்றார். தாளில் வரிசையாக எண்கள். பார்த்த உடனே எனக்கு வழக்கமாக ஆவது ஆனது. கண் எண்கள் மேல் ஓடும், மண்டைக்குள் ஒன்றும் நிற்காது, காது அடைத்த மாதிரி இருக்கும். படிக்கிற பாவனையில் பக்கம் புரட்டினேன், தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். என் மாதச் சம்பளத்தில் தவணை அடங்குகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். 14 தவணை கட்டிய பிறகு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது, முழுசாக அடைத்துவிடலாம் என்று நிலுவை கேட்டேன். வாங்கிய ஒவ்வொரு நூற்றுக்கும் ஏறக்குறைய 53 கட்டியிருந்தேன். இன்னும் 68 பாக்கி என்றது அவர்கள் கொடுத்த தாள். முன்கூட்டியே அடைப்பதற்குத் தனிக் கட்டணம் வேறு. அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கணக்கு வராதே, என் மேல்தான் தப்பு இருக்கும் என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் தூக்கமில்லை.

நாலாவது நாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் விடாமல் கேட்டதால் அந்தத் தாளைக் காட்டினேன். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். கைபேசியில் ஐந்து நிமிடம் தட்டிவிட்டு, "அக்கா, இது 12 இல்ல, கிட்டத்தட்ட 21" என்றாள். பிறகு சொன்னாள்: "மாசாமாசம் நீங்க அசலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கட்டறீங்க. பாக்கி குறைஞ்சுக்கிட்டே வருது இல்லையா? ஆனா இவங்க மூணு வருஷமும் மொத நாள் வாங்கின முழுத் தொகைக்கே வட்டி போட்டிருக்காங்க." ஃபிளாட் ரேட் என்பது இதுதான். நூறு வாங்கினால் வருடத்துக்கு 12 வீதம் மூன்று வருடத்துக்கு 36 வட்டி. குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடுகிற முறையில் அதே 12 சதவீதத்துக்கு மூன்று வருட வட்டி 20கூட வராது. நூற்றுக்கு 16க்கு மேல் சும்மா கொடுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கடன் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். "வட்டி எவ்வளவு" என்று கேட்டால் போதாது, "முழுத் தொகைக்கா, குறைகிற பாக்கிக்கா" என்று கேட்க வேண்டும். சில வருடங்களுக்கு மாதத் தவணையாகக் கட்டுகிற கடனில் ஃபிளாட் ரேட்டாகச் சொல்லப்படுகிற எண்ணுக்கு உண்மையான வட்டி அதைப்போல் இரு மடங்கை ஒட்டி வரும்.

பணம் போனது ஒரு பக்கம். அன்றைக்கு என்னை உலுக்கியது வேறு. அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒரே முறையில், முழுசாகப் புரிந்தது. அவள் விட்ட ஒரு படியைக்கூட நான் கேட்டு நிரப்பிக்கொண்டேன். கணக்கு ஏறாத மண்டை என்றால் இது எப்படி ஏறியது? கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பணத்துக்காக அழுத மாதிரி இல்லை. யாரோ என்னை ஒரு அறையில் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு அத்தனை வருடம் உட்கார்ந்திருந்து, கதவு வெறுமனே சாத்தியிருந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஆத்திரமும் வெட்கமும்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த ஐந்தாறு மாதம் தப்பான வழிகளில்தான் போனேன். தினம் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் கணக்கில் கெட்டிக்காரி" என்று இருபது முறை சொன்னேன். இரண்டு மாதம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குரல் "4/10" என்று சிரிக்கும். 2009இல் வந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். தன்னைப் பற்றிக் குறைவாக நினைப்பவர்கள் "நான் நேசிக்கத் தகுந்தவன்" என்ற வகை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாக இருந்ததாம். ஏற்கெனவே தன்னை மதிப்பவர்களுக்குத்தான் அது கொஞ்சம் உதவியது. மனம் ஒப்பாத வாக்கியத்தைத் திணித்தால் மனம் எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. என் அனுபவமும் அதேதான். அதோடு நிறுத்தினேனா? மனத்தடைகளை இரண்டே நாளில் உடைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு பயிலரங்கில் அரை மாதச் சம்பளத்தைக் கட்டினேன். கைதட்டல், கண்ணீர், கட்டிப்பிடித்தல் எல்லாம் இருந்தது. ஒரு வாரம் தரையில் கால் படாமல் திரிந்தேன். எட்டாவது நாள் ஒரு எக்செல் கோப்பு மின்னஞ்சலில் வந்தது, திறக்காமலே வேறொருவருக்கு அனுப்பினேன். பணம் போனதோடு, "இதுகூட உனக்கு வேலை செய்யவில்லை பார்" என்ற புதுச் சான்றும் அந்தப் பழைய நம்பிக்கைக்குக் கிடைத்தது. இரண்டு நாளில் மாற்றுகிறேன் என்பவர்களிடம் போவதற்கு முன், மூன்றாவது வாரம் நான் செய்ய வேண்டியது என்ன என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

கடைசியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். மொத்தம் ஆறு அமர்வுகள். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன நடந்தா இந்த நம்பிக்கை பொய்னு ஒத்துக்குவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. யோசித்தால், எது நடந்தாலும் ஒத்துக்கொள்ளாத மாதிரிதான் வைத்திருந்தேன். சரியாகச் செய்தால் "சுலபமான கணக்கு", தப்பாகச் செய்தால் "பார்த்தாயா". தோற்கவே வழியில்லாத ஒரு வழக்கை எனக்கு எதிராக நானே நடத்திக்கொண்டிருந்தேன். அவர் செய்தது அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் முறை. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளிடம் தொடங்கி வளர்த்தெடுத்தது. என் நம்பிக்கையை அவர் மறுக்கவே இல்லை. "உங்களுக்குக் கணக்கு வரும்" என்று ஒரு நாளும் ஆறுதல் சொல்லவில்லை. அது ஒரு அனுமானம், சோதிக்கலாம் என்றார். நண்பர்கள் வருடக்கணக்காகச் சொன்ன "உன்னால முடியும்" எதுவும் ஒட்டாததற்குக் காரணம் அப்போது புரிந்தது. அவர்கள் என்னிடம் வாதாடினார்கள். வாதத்துக்கு என்னிடம் 28 வருடப் பயிற்சி இருந்தது.

அவர் கொடுத்த வேலை ஒரு நோட்டுப்புத்தகம். கணக்கு சம்பந்தப்பட்ட சின்ன காரியம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்வதற்கு முன்னால், என்ன ஆகும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நிச்சயம், எத்தனை நிமிடம் ஆகும், இதெல்லாம் எழுத வேண்டும். செய்த பிறகு நடந்ததை எழுத வேண்டும். முன்னால் எழுதுவதுதான் முக்கியம். பின்னால் எழுதினால் மனம் கதையை மாற்றிவிடும். முதல் சோதனை, சம்பளச் சீட்டின் பிடித்தங்களைக் கூட்டிச் சரிபார்ப்பது. "தப்பாகத்தான் வரும், 90 சதவீதம் நிச்சயம், இருபது நிமிடம் ஆகும், பாதியில் விட்டுவிடுவேன்" என்று எழுதியிருக்கிறேன். நாலு நிமிடத்தில் முடிந்தது, சரியாக வந்தது. உடனே என்ன தோன்றியது தெரியுமா? "குருட்டு அதிர்ஷ்டம்." அதையும் ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எத்தனை முறை சரியாக வந்தால் அதிர்ஷ்டம் இல்லை என்று ஒத்துக்கொள்வீர்கள், அந்த எண்ணையும் இப்போதே எழுதுங்கள் என்று. பத்துக்கு ஏழு என்று எழுதியிருந்தேன். பத்து சோதனை முடிந்தபோது எட்டு சரி, இரண்டு தப்பு. அந்த இரண்டு தப்பும் எனக்குப் பெரிய பொக்கிஷம், ஏனென்றால் இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றை அவர் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நான் ஒவ்வொரு கூட்டலையும் மூன்று முறை போட்டுக்கொண்டிருந்தேன், பிறகு அந்தப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். "அப்போ யாருக்குக் கணக்கு வந்துச்சு, உங்களுக்கா அவளுக்கா?" என்றார். ஊன்றுகோலோடு நடந்தால் பாராட்டு முழுவதும் ஊன்றுகோலுக்குப் போய்விடுகிறது. இதற்குப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேடை பயம் உள்ளவர் தாளைப் பார்த்தே வாசித்து முடிப்பது, தன்னை யாருக்கும் பிடிக்காது என்று நினைப்பவர் கூட்டத்தில் எந்நேரமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் இந்த ரகம்தான். பயந்ததைச் செய்துகொண்டேதான் இருக்கிறேன், ஆனாலும் பயம் போகவில்லையே என்பவர்கள், கூடவே என்ன ஊன்றுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள். நான் முதலில் காட்டுவதை நிறுத்தினேன். பிறகு மூன்றாவது முறை கூட்டுவதை. இரண்டாவது முறை கூட்டுவதைக் கைவிட எனக்கு ஏழு மாதம் ஆனது.

இடையில் ஒரு நாள் பழைய சான்றிதழ்களைத் தேடும்போது பள்ளி மதிப்பெண் அட்டைகள் கிடைத்தன. ஆறாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் கணக்கில் 68. அந்தச் சம்பவம் நடந்த அதே வருடம். ஏழாம் வகுப்பில் 61. ஒன்பதாம் வகுப்பில்தான் 37. என் நினைவில் நான் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தவள். தேதி போட்டு யாரிடமும் சத்தியம் செய்திருப்பேன். நினைவு என்பது எடுத்துப் பார்க்கிற புகைப்படம் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932லேயே எழுதியிருக்கிறார். நான் கட்டிய விதத்தில் 68க்கு இடமில்லை. கணக்கு வராததால் நான் விலகவில்லை, விலகியதால் வராமல் போனது என்பது அந்த மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தபோது தெரிந்தது. பழைய காயத்தில் பிறந்த ஒரு நம்பிக்கை உங்களிடம் இருந்தால், மனசைத் தோண்டுவதற்கு முன் அலமாரியைத் தோண்டுங்கள். மதிப்பெண் அட்டை, பழைய கடிதம், அந்தக் காலத்தில் கூட இருந்த ஒருவர், எதுவானாலும் சரி. என் அக்காவிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். "நீ அப்போ எனக்கே கணக்குச் சொல்லிக் குடுப்பியேடி" என்றாள். எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

பயத்தைப் பற்றி நடைமுறையாகக் கண்ட ஒன்று. மிக மோசமான நேரம் கணக்குப் போடுகிற நேரம் கிடையாது, போடுவதற்கு முந்திய நேரம். கோப்பைத் திறப்பதற்கு முன் வயிறு பிசையும், திறந்து இரண்டு நிமிடம் ஆனால் தணிந்துவிடும். 2012இல் மூளை வரைபட ஆய்வு ஒன்று கிட்டத்தட்ட இதையே காட்டியது. கணக்கு பயம் அதிகம் உள்ளவர்களுக்கு, கணக்கு வரப்போகிறது என்று காத்திருக்கும்போதுதான் உடல் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் கிளர்ந்தன, கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது அல்ல. கடன் தாளைப் பார்த்தபோது மண்டை வெறுமையானதற்கும் விளக்கம் உண்டு. ஒரு எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் பார்க்க மூளையில் ஒரு தற்காலிக இடம் தேவை, பயம் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று 2001இல் வந்த ஆய்வு சொல்கிறது. அறிவுக் குறை என்று நான் நினைத்தது இடநெருக்கடி. அதனால் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று, திறந்து இரண்டு நிமிடம் வரை எந்த முடிவும் எடுப்பதில்லை. மற்றது, பெரிய வேலைக்கு முன் பத்து நிமிடம் மனதில் இருக்கிற பயத்தையெல்லாம் தாளில் கொட்டுவது. தேர்வுக்கு முன் மாணவர்களை இப்படி எழுத வைத்தபோது பதற்றம் அதிகமுள்ளவர்களின் மதிப்பெண் கூடியதாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. எழுதுவதைக் கிழித்துப் போட்டுவிடுவேன். படிக்கச் சகிக்காது.

எட்டாவது மாதம் விழுந்தேன். ஒரு கூட்டத்தில் எங்கள் பிரிவின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 18 ஆனதைச் சொல்லி, "3 சதவீத வளர்ச்சி" என்றேன். ஒருவர், "3 சதவீதப் புள்ளின்னு சொல்லணும், வளர்ச்சின்னு பார்த்தா 20 சதவீதம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது அடைத்தது. 11 வயதில் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அறை முழுக்கச் சிரிப்பு கேட்கிறது. யாரும் சிரிக்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று வாரம் நோட்டைத் தொடவில்லை, எட்டு மாத உழைப்பும் போச்சு என்றே இருந்தேன். பிறகு நோட்டு முறையையே அதன் மேல் போட்டுப் பார்த்தேன். "அவர் என்னைப் பற்றி மட்டமாக நினைத்திருப்பார், 85 சதவீதம் நிச்சயம்" என்று எழுதிவிட்டு, ஒரு நாள் அவரிடமே போய், அன்றைக்குத் திருத்தியதற்கு நன்றி என்றேன். "எந்தக் கூட்டம்?" என்றார். உண்மையிலேயே நினைவில்லை அவருக்கு. பழைய நம்பிக்கை செத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு என்று நினைக்கிறேன். அது பக்கத்தில் இருந்துகொண்டேதான் இருக்கிறது, களைத்த நாளில் முதலில் பேசுவதும் அதுதான். என்ன செய்தாலும் பலனில்லை என்று கற்றுக்கொண்டு முயற்சியையே விட்டுவிடுவதைக் கற்றுக்கொண்ட இயலாமை என்பார்கள். அதைப் பற்றி 1967இல் நாய்களிடம் சோதனை செய்து எழுதிய உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் 2016இல் தங்கள் பழைய கருத்தையே திருப்பிப் போட்டார்கள். ஓயாத துன்பத்தில் முடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை, நம் கையிலும் கட்டுப்பாடு இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாத் தடையும் மனத்தடை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்களைக் கையாள்வதில் பிறவியிலேயே வருகிற கற்றல் குறைபாடு ஒன்று உண்டு, டிஸ்கால்குலியா என்பார்கள். எது பெரிய எண் என்பதே தடுமாறுகிறது, கடிகாரம் பார்ப்பது சிறு வயதிலிருந்தே சிரமம் என்றால் அதற்கான பரிசோதனைக்குப் போவதுதான் சரி, நோட்டுப்புத்தகம் போதாது. அதேபோல் உங்கள் நம்பிக்கை அடி உதையிலோ வன்முறையிலோ பிறந்தது என்றால் நான் செய்த மாதிரி சோதனைகளைத் தனியாகச் செய்யாதீர்கள். எனக்கு நடந்தது ஒரு வகுப்பறைச் சிரிப்பு. அதற்கே ஆறு அமர்வும் ஒன்றரை வருடமும் ஆனது.

எனக்கு இப்போது 42 வயது. கணக்கில் புலியாகிவிடவில்லை. மனக்கணக்கு மெதுவாகத்தான் வரும், ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுக்குகிறேன். சுமாரான ஆள், அவ்வளவுதான். சுமாராக இருக்கலாம் என்பதே எனக்கு அத்தனை வருடமும் தோன்றவில்லை. மிச்சக் கடனை, இருபத்தோராவது தவணையோடு, கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, லாபம்தான் என்று பார்த்து அடைத்தேன். அடைக்கப் போனபோது தாளில் எனக்குப் புரியாத ஒரு வரியைக் காட்டி, "இது எப்படி வந்துச்சு, போட்டுக் காட்டுங்க" என்று கேட்டேன். குரல் நடுங்கியது. அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். குழுத் தலைவி பொறுப்பு மூன்றாவது முறையாக என்னைத் தேடி வரவில்லை. போன மாதம் நானே போய்க் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று கூட்டிப் பார்த்தேன். கூடுதலாகக் கட்டிய வட்டி, பயிலரங்குக் கட்டணம், 33 வயதிலிருந்து வாங்காமல் விட்ட சம்பள வித்தியாசம் எல்லாவற்றையும் வருடம் வருடமாக எழுதினேன். நாலு பக்கம் வந்தது. தொகையை இங்கே சொல்லப் போவதில்லை, அக்கா படித்தால் திட்டுவாள். ஒரே ஒரு முறைதான் கூட்டினேன்.